கிளிஞ்சல் வைத்த புடவை

என் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, வேளச்சேரியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டே, எங்கள் வீட்டுத் தெய்வத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க பூவாடைக்காரி தாலியோடதான் செத்தாளா? யார்னா பாத்தீங்களா?"

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு எதைக் கேட்டிருந்தாலும் தாங்கியிருப்பாள்.

புருஷன் உயிரோடு இருக்கும்போதே, பூவும் குங்குமமுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணைத்தான் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதலில் அவளை அழைக்க வேண்டும். முறத்தில் புதுப் புடவை, பூ, மஞ்சள், வளையல் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள்; எங்கள் வீட்டில் அது கருவாட்டுக் குழம்பு. படைத்த புடவையைக் கல்யாணப் பெண் கட்டிக்கொள்வாள். அவள் உத்தரவு கிடைத்தது என்று அதற்குப் பொருள். தாலி அறுத்தவளுக்கு அந்த இடம் கிடையாது. நூறு வயது வாழ்ந்து குடும்பத்தையே தூக்கி நிறுத்தியிருந்தாலும் கிடையாது.

எங்கள் பூவாடைக்காரி என் அப்பாவுடைய கொள்ளுத்தாத்தாவின் மனைவி. அந்த மனிதர் மயிலாப்பூரில் கால்வாய்க் கரையோரம் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு செய்கிற காளவாயில் வேலை செய்தார். ஒரு நாள் துறைமுகம் வரை போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், கப்பல் ஏறிவிட்டார். ரங்கூன் என்றார்கள் சிலர். மோரீஸ் தீவு என்றார்கள் சிலர். கையில் பிள்ளையோடு இருந்தவள் தாலியைக் கழற்றவில்லை. தலை நரைத்த பிறகும் பூ வைத்துக்கொண்டாள். கடைசி வரை கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக் காளவாய்க்குப் போட்டே பிழைத்தாள். காய்ச்சலில் இறந்தபோது தெருவே கூடி அவளைச் சுமங்கலியாக அனுப்பிவைத்தது. அதனால்தான் எங்கள் வீட்டில் மட்டும் பூவாடைக்காரியின் புடவை மேல் ஒரு கை கிளிஞ்சல் வைப்போம். வேறு எந்த வீட்டிலும் அந்த வழக்கத்தை நான் கண்டதில்லை.

"கப்பல்ல போனவன் அங்க எப்ப செத்தானோ?" என்றாள் சம்பந்தியம்மாள். "கப்பல் ஏறின மாசமே செத்திருந்தா? அது தெரியாம இவ பூ வெச்சிக்கினு திரிஞ்சிருந்தா? அறுத்தவளுக்குப் படைச்ச புடவைய கட்டிக்கினு என் மருமவ என் வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"நான் இந்த வூட்டுக்கு வந்தப்போ அவளுக்குப் படைச்ச புடவையத்தான் கட்டிக்கினு வந்தேன். இன்னா கெட்டுப் போச்சு?" என்றாள் அம்மா.

சம்பந்தியம்மாள் தலையை நிமிர்த்தி எங்கள் ஓலைக் கூரையைப் பார்த்தாள். புகையில் கறுத்த மூங்கிலைப் பார்த்தாள். பிறகு வெற்றிலையை மென்றாள்.

படைக்க வேண்டிய புடவையை அக்கா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தாள். அரக்கு நிறம், கடுகு மஞ்சள் கரை. தியாகராய நகர்க் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்காரர்கள் வாங்கிய முதல் புடவை அதுதான். மற்றதெல்லாம் மூட்டை தூக்கி வருகிறவனிடம் எடுத்தவை. அதை அக்கா தினமும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். அன்றைக்குப் பிறகு திறக்கவில்லை. அம்மா மட்டும் விடவில்லை. படைக்காமல் பெண்ணை அனுப்ப மாட்டேன், அந்தப் பொம்பளை ஒத்துக்கொள்ளாமல் படைக்கவும் மாட்டேன் என்றாள். இரண்டுக்கும் நடுவில் அக்காவின் கல்யாணம் நின்றது.

இது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான் அப்போது பி.ஏ. முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா விறகுத் தொட்டியில் விறகு பிளந்தார். அம்மா மாடவீதிப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வக்கீல் வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். எங்கள் வம்சத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலத்தை ஒவ்வொரு வாக்கியமாகப் பிடுங்கிச் சேர்த்தேன். கான்வென்ட்டில் படித்த பெண்கள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். அடுத்த வருடம் சிரிக்கவில்லை. அந்தக் கர்வம் எனக்கு இன்றும் உண்டு. அதை மறைப்பதில்லை.

ஒரு நாள் அந்த வக்கீல் என்னை வரச் சொல்லி அம்மாவிடம் சொல்லியனுப்பினார்.

"வாடி பொண்ணே. இவா மொரீஷியஸ்லேர்ந்து வந்திருக்கா. பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. இவா கொள்ளுத்தாத்தா இங்கேர்ந்து கப்பலேறிப் போனவராம். பூர்வீகத்தைத் தேடிண்டு வந்திருக்கா. எழும்பூர்ல பழைய ரெக்கார்டெல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் அகப்படலை. மயிலாப்பூர்ங்கற ஒரு வார்த்தைதான் அவா கையில இருக்கு. எனக்கு முழங்கால் வலி. நீ கூட்டிண்டு போய் ஊரைக் காட்டு. நீதான் இங்கிலீஷ் படிக்கறியாமே."

எனக்கு மோரீஸ் என்றால் பழக்கடையில் தொங்கும் பச்சைப் பழம்தான் தெரியும். அந்த ஊரிலிருந்து ஒரு மனுஷி வந்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நைலான் புடவை, மூடின செருப்பு. நிறமும் நெற்றியும் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பார்க்கக்கூடியவை. பேச்சில் மட்டும் ஒரு தமிழ் வார்த்தை இல்லை. நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

கோயிலைச் சுற்றினோம். மாடவீதிகளில் நடந்தோம். பூக்கடை, பாத்திரக்கடை, தேங்காய்க் கடை என்று ஒவ்வொன்றின் முன்பும் அந்த அம்மாள் நின்று, இங்கேதான் அவர் நடந்திருப்பார் என்பது போலப் பார்த்தாள். கோயிலில் பூக் கைங்கரியம் செய்த குடும்பமாக இருக்கலாம் என்று வக்கீல் ஒரு யோசனை சொல்லியிருந்தார். அது அவளுக்குப் பிடித்திருந்தது. "ஏன் அப்படி நினைக்கிறார்?" என்று கேட்டேன். குளத்துப் படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் மயிலாப்பூர்த் தாயாருக்குப் பூஜை செய்வோம். முறத்தில் ஒரு புதுப் புடவை, பூ, மஞ்சள் வைப்போம். தீவில் வேறு யாரும் மயிலாப்பூர்த் தாயார் என்று கும்பிடுவதில்லை. இந்தக் கோயில் அம்மன்தானே அது? இன்று உள்ளே நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, புடவை மேல் கொஞ்சம் கடல் சிப்பி வைப்போம். அது ஏன் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை."

நான் குளத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீன் வைப்பீர்களா?" என்று கேட்டேன்.

அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "என் பெரிய அத்தை காலத்தில் உப்பு மீன் வைத்துப் படைப்பார்கள். அம்மனுக்கு மீனா என்று என் அப்பா நிறுத்திவிட்டார். உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் பூஜையை யார் ஆரம்பித்தது?"

"கொள்ளுத்தாத்தாவேதான். அதுவும் வயதான பிறகு. கரும்புத் தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரராம். அவரோடு பேசிவிட்டு வந்த கொள்ளுத்தாத்தா, வந்ததும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாராம். அன்றைக்கு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. அதற்கடுத்து வந்த மகன் கல்யாணத்தில்தான் இந்தப் பூஜை தொடங்கியது. அம்மன் அந்த ஆள் மூலமாக ஏதோ உத்தரவு சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதன் பிறகும் அவர் நெடுநாள் இருந்தார். என் அப்பா சிறுவனாக அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறார்."

வந்த ஆள் கொண்டுபோனது அம்மன் உத்தரவு அல்ல என்பது எனக்கு அந்தப் படியிலேயே புரிந்துவிட்டது. அவர் கொண்டுபோனது சாவுச் செய்தி. மனைவி செத்தாள் என்று கேட்டு ஒரு மனிதர் தலைமுழுகியிருக்கிறார். தாலியோடு போனாள் என்று கேட்டு அவளைப் பூவாடைக்காரியாக வைத்துப் படைத்திருக்கிறார். அவள் சாகும்போது அவர் உயிரோடு இருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாமலிருந்த அந்த ஒரு விஷயம் கடல் தாண்டிப் போய், உருமாறி, நைலான் புடவை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

"எங்கள் வீட்டிலும் இந்தப் பூஜை உண்டு. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அப்போ அவன் உசுரோட இருந்தான்!"

"அங்க இன்னொருத்தியக் கட்டிக்கினுதாம்மா இருந்தாரு."

"கட்டிக்கினா கட்டிக்கினு போறான். இவ தாலி நின்னுச்சா இல்லியா, அத்தச் சொல்லு."

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "பொண்டாட்டியையும் புள்ளையையும் உட்டுட்டு ஓடினவன் அங்க குடும்பம் குட்டியோட நல்லா இருந்தான்னு கேட்டு நாம சந்தோசப்படணுமா? நல்லா கீதும்மா நியாயம்."

"உன் கல்யாணத்துக்குத்தான்டி சந்தோசப்படறேன்."

அப்பாவின் கணக்கு வேறு. அவர் விரல் விட்டு முறை பார்த்தார். அவளுடைய தாத்தாவும் தன்னுடைய தாத்தாவும் ஒரே அப்பனுக்குப் பிறந்தவர்கள். அப்படியானால் அவள் அவருக்கு அக்கா. அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் தங்கவில்லை. "எனக்கு ஒரு அக்கா வந்துகீது" என்று விறகுத் தொட்டி முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அவள் அத்தை முறை என்றார். "வந்தா அத்தைன்னு கூப்புடு. சும்மா மேடம் மேடம்னு நிக்காத."

ஞாயிற்றுக்கிழமை அம்மா விடிந்ததும் தரையை மெழுகினாள். சம்பந்தியம்மாளைச் சாட்சிக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தோம். வேளச்சேரியிலிருந்து வந்து, "எங்க உங்க கப்பக்காரி?" என்று கேட்டுக்கொண்டே அதே பாயில் உட்கார்ந்தாள். முறத்தில் அக்காவின் அரக்குப் புடவை. மேலே கதம்பமும் ஒரு கை கிளிஞ்சலும். பக்கத்தில் மண்சட்டியில் கருவாட்டுக் குழம்பு. அப்பா முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, பெட்டிக்கடையிலிருந்து ஒரு நாற்காலியும் நாலைந்து கலர் சோடா பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார்.

நாற்காலி, முழங்கால் வலியோடு அந்த அம்மாளைக் கூட்டிவந்த வக்கீலுக்குப் பயன்பட்டது. குடையை மடக்கிக்கொண்டு, கால்வாய் நாற்றத்துக்கு மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்த அம்மாள் குனிந்து உள்ளே வந்தாள்.

முறத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். கிளிஞ்சல் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அப்படியே எங்கள் வீடு" என்றாள். "அப்படியே. இதே மாதிரி, புடவையை மடித்து, இதே இடத்தில்..." அவள் கண் கலங்கியதைச் சம்பந்தியம்மாளும் பார்த்தாள். வாயில் போடப்போன பாக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

"உங்களுக்கு இது எந்த அம்மன்?" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டாள்.

நான் சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில், தடுமாறாமல் சொன்னேன். இது அம்மன் இல்லை. ஒரு பெண். கப்பல் ஏறிப் போன ஒருவரின் மனைவி. கிளிஞ்சல் பொறுக்கிப் பிழைத்தவள். அவள் இறந்த செய்தி கேட்டுத்தான் அங்கே உங்கள் கொள்ளுத்தாத்தா தலைமுழுகினார். நீங்கள் கும்பிடுகிற மயிலாப்பூர்த் தாயார் இவள்தான். என் அப்பா உங்களுக்குத் தம்பி.

அவள் கிளிஞ்சல் மேலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இருக்கிற இடத்திலிருந்தே வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குழம்புச் சட்டி, கூரை, அப்பா, அம்மா.

"அவருக்கு மனைவி என் கொள்ளுப்பாட்டி" என்றாள். "ஐயரை வைத்துக் கட்டிய மனைவி."

"ஆமாம். அவரும் மனைவிதான்."

"அவரும் என்றால்? இங்கே ஒருத்தி இருக்கும்போது அங்கே கட்டியவளை உங்கள் பாஷையில் என்ன சொல்வார்கள்?"

எங்கள் பாஷையில் அதற்கு வார்த்தைகள் உண்டு. தெருக்குழாயடியில் தினமும் கேட்கிற வார்த்தைகள். நான் சொல்லவில்லை.

"இந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று அவள் கேட்டாள்.

அம்மாவைக் கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையைச் சொறிந்தார்.

"பேரு... பூவாடைக்காரின்னுதான் சொல்லுவோம். வேற பேரு தெரியாதே" என்றாள் அம்மா.

வாசலிலிருந்து வக்கீல் எட்டிப் பார்த்தார். எத்தனையோ வருடம் கோர்ட்டில் நின்ற குரல் அவருக்குத் திரும்பி வந்துவிட்டது. "பேரே தெரியாதுங்கறாளே! பேர் தெரியாத ஒருத்தியை வெச்சுண்டு பந்துத்வம், உறவுன்னு கொண்டாட முடியுமா? சிப்பி இருக்குன்னா, சமுத்திரக்கரை பூரா சிப்பிதான்." அதையே ஆங்கிலத்திலும் அவளுக்குச் சொன்னார். கோயில் மனுஷாள் அத்தனை தூரம் போய் வழக்கம் மாறிப்போவது சகஜம் என்றும் சேர்த்துக்கொண்டார். என் வீட்டு வாசலில், என் அப்பா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

அந்த அம்மாள் அவரை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்தவள் போலிருந்தாள். கிடைத்துவிட்டது.

"இன்னாடி சொல்றாங்க?" அம்மா என் தோளை இடித்தாள். "முன்னாடி செத்தாரா, பின்னாடி செத்தாரான்னு கேளு. அத்தச் சொன்னா போதும். சம்மந்தி, நல்லா கேட்டுக்குங்க."

நான் கேட்டேன். இங்கே என் அக்காவின் கல்யாணம் உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது, குளக்கரையில் என்னிடம் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும் என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள், புரியாமல் இல்லை.

"வருந்துகிறேன்" என்றாள். "இது அவர் இல்லை. இது வேறு யாரோ என்று இவர்களுக்குச் சொல்லிவிடு."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அடுப்படியில் அக்கா எழுந்து நின்றாள்.

"சொல்ல மாட்டாங்களாம்" என்றேன்.

"ஏய், சரியாச் சொல்லு" என்றார் வக்கீல். "சொல்ல மாட்டேன்னா சொன்னா? அவர் வேற ஆள்னு சொல்றா."

"நான் சரியாத்தான் சார் சொன்னேன்."

சம்பந்தியம்மாள் எழுந்து போய் வாசலில் எச்சிலைத் துப்பிவிட்டு வந்தாள். "அட நைனா! சீமையிலேர்ந்து சாட்சி கூட்டியாந்தீங்க, சாட்சியே கைய கழுவிக்கினு போவுதே! இன்னொருத்தி வூட்டுல குந்திக்கினு இருந்தவனுக்காக இவ பூ வெச்சிக்கினு இருந்தாளாம். அத்தையாவது நிசம்னு சொல்ல ஒரு ஆளு இல்ல." அம்மாவைப் பார்த்தாள். "இதோ பாரும்மே, பொண்ணு தங்கம்தான், நான் ஒண்ணும் சொல்லல. படையல் எங்க வூட்டு பூவாடைக்காரிக்குத்தான். புடவை நாங்க எடுக்கறோம். உங்க ஆளு இந்தப் பக்கமே வரக்கூடாது. சம்மதம்னா சொல்லு."

அந்த அம்மாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஆங்கிலமும் புரியவில்லை, நடந்ததும் முழுதாகப் புரியவில்லை. கலர் பாட்டிலை உடைத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"அக்கா, இத்தையாவது குட்சிட்டுப் போங்க."

"என்ன சொல்கிறார்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"குடிக்கச் சொல்கிறார்" என்றேன். அக்கா என்ற வார்த்தையை மொழிபெயர்க்கவில்லை.

நின்றபடி பாதி குடித்தாள். மீதிப் பாட்டிலை அப்பா கையில் கொடுத்துவிட்டு, தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையில் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, வக்கீலின் குடை தெரு திரும்புகிற வரை நின்றார்.

படைக்காத குழம்பு வெறும் குழம்புதான். மத்தியானம் நாங்களே ஊற்றிச் சாப்பிட்டோம். சம்பந்தியம்மாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள்.

வேறு வழியில்லாமல் அம்மா சம்மதித்தாள்; அக்காவின் கல்யாணம் வேளச்சேரியில் நடந்தது. அவர்கள் எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, அவர்களுடைய பூவாடைக்காரியைக் கும்பிட்டுவிட்டு மணையில் உட்கார்ந்தாள். அம்மா கல்யாணம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். திரும்பி வரும் வழியில் என்னிடம் திரும்பினாள்.

"அத்தினி பேரு வாய பாத்துக்கினு இருந்தாங்களே. இங்கிலீசு படிச்ச வாயால, பின்னாடிதான் செத்தாருன்னு சொல்றாங்கன்னு ஒரு வார்த்த பொய் சொல்லியிருக்கக் கூடாது? பின்ன இன்னாத்துக்குடி உன்ன படிக்க வெச்சேன்?"

அது பொய்யும் இல்லை. அதைத்தான் என்னால் அம்மாவுக்கு விளக்க முடியவில்லை. குளத்துப் படியில் என் காதால் கேட்ட உண்மை அது. ஆனால் அதை நான் சொன்னால் வீட்டுப் பெண் சொன்ன கதை. அவள் சொன்னால்தான் சாட்சி. வாசலில் வக்கீல் வேறு, எந்த வார்த்தையைத் திருத்தலாம் என்று உட்கார்ந்திருந்தார். நான் பட்டம் வாங்கியிருந்தாலும் இதில் மாற்றமிருந்திருக்காது.

இரண்டு மூன்று வருடங்கள் கழித்து வக்கீல் மறுபடி கூப்பிட்டனுப்பினார். நான் அப்போது பி.ஏ. முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். கையில் வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த சின்னப் புத்தகம் வைத்திருந்தார். அந்த அம்மாள் தன் குடும்ப வரலாற்றை எழுதி அச்சிட்டு அனுப்பியிருந்தாளாம். உள்ளே அவருக்கே நன்றி சொல்லியிருந்தது.

"இதைத் தமிழ்ல பண்ணிக் குடேன். கோயில்ல நாலு பேருக்குக் குடுக்கலாம். நீ அன்னிக்குக் கூடவே இருந்தவளாச்சே."

நின்றுகொண்டே படித்தேன். அவர் மயிலாப்பூரில் கோயில் பணி செய்த குடும்பத்தில் பிறந்தார், பக்தியுள்ள இளைஞர், மணமாகாதவர், கடல் கடந்தும் தம் தாய்த் தெய்வத்தை மறக்கவில்லை என்று எழுதியிருந்தது. சிப்பிகளைப் பற்றி ஒரு பத்தியே இருந்தது. கடல் கடந்த பயணத்தின் நினைவாக அவர் அவற்றை வைத்தாராம்.

"இதுல ஒரு ஆளு விட்டுப்போச்சு சார்" என்றேன்.

"யாரு?"

"பேரு தெரியாது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அதை அம்மா இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.

மனைவியையும் பிள்ளையையும் விட்டுப் போன அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை இல்லை. அவர் போன கப்பலும் வெட்டிய கரும்பும் எனக்கு வேண்டாம். ஆனால் அவர் ஒருவர்தான் தூர தேசத்தில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குக் கிளிஞ்சல் வைக்க வேண்டும் என்று நினைத்தார். அவருக்காவது அவள் பெயர் தெரிந்திருக்கும். ஒரு தரமாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பார். இரண்டு வீட்டிலும் அவளைக் கும்பிட்டோம்; இரண்டு வீட்டிலும் அவள் பெயரைத் தொலைத்தோம். இதை நினைத்தால் அந்த மொரீஷியஸ் அம்மாள் மேல் வருகிற கோபம் பாதி வழியில் என் வீட்டுப் பக்கமே திரும்பிவிடுகிறது.

அரக்குப் புடவை டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தது. படைக்க எடுத்ததை விற்கவும் கூடாது, படைக்காததைக் கட்டவும் கூடாது என்று அம்மா அதைத் தொடாமல் வைத்திருந்தாள். தியாகராய நகரில் ஒரு அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சேர வேண்டிய அன்று காலை அதை எடுத்துக் கட்டிக்கொண்டேன். மடிப்பு விழுந்த இடங்களில் சாயம் லேசாக வெளுத்திருந்தது. உள்மடிப்பிலிருந்து ஒரு உடைந்த கிளிஞ்சல் விழுந்தது. அன்றைக்கு அம்மா முறத்திலிருந்து கொட்டியபோது தங்கிப்போனதாக இருக்கும்.

"யாரு உத்தரவு குடுத்தா உனக்கு?" என்றாள் அம்மா.

"யாரையும் கேக்கல."

"அறுத்தவளுக்கு எடுத்ததோ இன்னாவோன்னு சொன்ன புடவைடி அது."

"இருக்கட்டும்."

அம்மா வாசல் வரை வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குனிந்து, தூக்கிக்கொண்டிருந்த கொசுவத்தை இழுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைப் பெண் முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கே. பழைய சரக்கு மாதிரி தெரியுது. யார் எடுத்துக் குடுத்தது?"

"எங்க வீட்டுல ஒரு அம்மாவுக்கு எடுத்தது."

"யாரு, பாட்டியா? பேரென்ன?"

"தெரியாது" என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் மிஷினில் காகிதத்தைச் சொருகினேன்.